சேற்று வாசம் வீசிய தட்டு

அந்தத் தட்டை நான் மோந்து பார்த்திருக்கக் கூடாது.

பழக்கதோசம். நான் பயிற்சி எடுத்த காலத்தில் மூத்த எம்.எல்.ரி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) ஒருவர் இருந்தார். "மூக்குத்தான் பிள்ளை லாப்பில முதல் மெஷின்" என்பார். சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்த தட்டு பழுத்த திராட்சை போல மணக்கும். புரோட்டியஸ் வளர்ந்தால் மீன் அழுகின மாதிரி நாறும். மூடியைக் கொஞ்சம் விலக்கினால் பாதிப் பதில் கிடைத்துவிடும். இப்போது யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் இருபது வருடம் பழகின கைக்கு அதெல்லாம் விளங்குமா? கார்த்திகை மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. தேத்தண்ணி கூட இன்னும் குடிக்கவில்லை. ஒரு நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க முதல் நாள் போட்ட பிளட் அகார் தட்டை இன்கியுபேட்டரிலிருந்து எடுத்து, மூடியைத் தூக்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

பலகை அடித்த வயல் மணந்தது.

என் அம்மப்பாவுக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நாலு ஏக்கர் வட்டை இருந்தது. பெரும்போகத்துக்கு உழுது, தண்ணி கட்டி, பலகை அடித்து மட்டப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்தச் சேற்றில் மழை ஒன்று பெய்து விட்டால் ஒரு வாசம் வரும். வாடிக்குள் படுத்திருந்தாலும் தேடி வரும். அதே வாசம். ஒரு நொடி சந்தோசமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அடுத்த நொடி, தட்டு என்ன தட்டு, நான் என்ன செய்கிறேன் என்பது உறைத்து, மூடியைப் போட்டு மூடினேன்.

மெலியோய்டோசிஸ் என்ற நோய். கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லை. மண்ணில் வாழ்வது, மழையோடு மேலே வருவது. காலில் உள்ள காயம் வழியாகவும் போகும், குடிக்கிற தண்ணியோடும் போகும், காற்றடித்துப் பெய்யும் மழையில் மூச்சோடும் போகும். லாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு மூக்கு வழியாக. இதற்காகத்தான் தட்டை மோந்து பார்க்காதே என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது நான்தான்.

கிருமிக்குச் சாயம் ஏற்றிய கிராம் ஸ்டெயின் கண்ணாடியை மறுபடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கோல்கள். இரண்டு முனையும் நிறம் பிடித்து நடு வெளிறிப்போய், சட்டைப்பின் மாதிரி. இரவு வேலை செய்தவர் கொப்பியில் 'கிராம் நெகட்டிவ் கோல்' என்று மட்டும் எழுதியிருந்தார். தப்பில்லை, அது உண்மைதான். எங்கள் மைக்ரோபயோலஜிஸ்ட் டொக்டருக்குப் போன் எடுத்தேன். மற்ற வேலை எல்லாவற்றையும் பாதுகாப்பு அலமாரிக்குள் வைத்துச் செய்யச் சொன்னார். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க மூன்று மருந்து வில்லை வைத்தோம். ஜென்டாமைசினைச் சுற்றி ஒன்றுமில்லை, கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து நின்றது. கொலிஸ்டினைச் சுற்றியும் அப்படித்தான். கோ-அமொக்சிகிளேவைச் சுற்றி மட்டும் நல்ல பெரிய வட்டம் தெளிந்திருந்தது. இந்த மூன்றும் இப்படிச் சேர்ந்து வந்தால், வேறு எதுவும் தெரிய முன்னரே வாட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கிருமிக்கென்றே உள்ள அஷ்டவுன் அகாரில் போட்டது மூன்றாம் நாள் சுருங்கி, காய்ந்து, நாவல்பழச் சாயம் பட்ட பாலாடை மாதிரி மடிப்பு மடிப்பாக வந்தது. அழகுதான். பிடித்த கிருமி அழகாக இருந்தால் லாப்காரருக்கு வருகிற வெட்கங்கெட்ட மகிழ்ச்சி ஒன்று உண்டு.

நோய் வராமல் தடுக்க எனக்கு அன்றைக்கே மாத்திரை தொடங்கினார்கள். கோ-ட்ரைமோக்சசோல், 480 மில்லிகிராம் குளிசை, காலையில் மூன்று இரவில் மூன்று, 21 நாள். இரத்தமும் எடுத்து வைத்தார்கள். நாளுக்கு ஆறு, மொத்தம் 126. எண்ணி உறையில் போட்டுத் தந்த மருந்தாளர், "என்னக்கா, வயலுக்குப் போகாமலே சேறு பூசிட்டீங்க" என்றார்.

சிரித்தேன். ஆனால் மனதில் ஓடியது வேறொரு தட்டு.

பல வருடத்துக்கு முன்னர், நான் வேலைக்கு வந்த புதிது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். சிறிய லாப், இரண்டு பேர், ஒரு இன்கியுபேட்டர். ஒரு அம்மாவின் இரத்தம். நாற்பத்தைந்து வயது இருக்கும், சீனி வருத்தக்காரி, ஈரலில் சீழ்க்கட்டி. தட்டில் இதே மாதிரி ஒன்று வளர்ந்தது. அப்போது எனக்கு இந்தக் கிருமியின் பெயர் பாடப்புத்தகத்தில் ஒரு வரி, அதுவும் தாய்லாந்து, வடக்கு அவுஸ்திரேலியா என்று எழுதியிருந்த வரி. ஊசி குத்தும்போது தோலில் இருந்ததோ, போத்தலில் இருந்ததோ ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்து, 'சூடோமோனாஸ் வகை, கலப்படமாக இருக்கலாம்' என்று அறிக்கை எழுதினேன். என் கையெழுத்து. கீழே திகதி. தட்டை ஆட்டோகிளேவில் போட்டு அழித்தேன். அந்த அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு மேல் ஒன்றும் என் காதுக்கு வரவில்லை. ஆராய்ச்சிப் படிவங்களில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கும், 'முடிவு' என்று: குணமானார், இறந்தார், தொடர்பில்லை. என் மனதில் இருக்கும் அவருடைய படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது.

தாய்லாந்து நோய், அவுஸ்திரேலிய நோய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகிடி உண்டு. இந்த நோயை முதலில் கண்டு எழுதியது 1911-12இல், ரங்கூனில். எழுதியவர்கள் அல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரண்டு பேர். நீண்டகாலம் 'விட்மோர் நோய்' என்றுதான் பேர். கிருஷ்ணசாமி எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் பார்த்தவர்களில் பலர் மோர்பியா ஊசி ஏற்றிக்கொள்ளும் ஏழைகள். அதனால் ஊசிதான் காரணமோ என்ற எண்ணம் கொஞ்சக்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இலங்கையிலும் 1927இலேயே ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார்கள், அவர் ஒரு ஐரோப்பியர். அதற்குப் பிறகு எண்பது வருடம் போல அங்கொன்று இங்கொன்று. 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எனோக்கா கொரயா போன்றவர்கள் நாடு முழுக்க லாப்களிடம், 'கலப்படம் என்று எறியாதீர்கள், எங்களுக்கு அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கத் தொடங்கிய பிறகுதான், இது நாட்டின் பல பகுதிகளிலும் இருப்பது தெரியவந்தது. எங்கள் கிழக்கில் ஒரு கடும் மழைக்குப் பின்னால் இரத்தத்தில் கிருமி பிடிபட்ட 10 பேரைப் பற்றி 2021இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே கிணறு, ஒரே குளம் என்று ஓரிடத்திலிருந்து பரவியதாக இருக்கும் என்று நினைப்போம். கிருமிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வேறு வேறு வழி. அதாவது ஒரு கெட்ட இடம் என்று ஒன்றில்லை, மண் முழுக்க இருக்கிறது, மழை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டது.

அபூர்வ நோய் என்றால், பார்க்கிற ஆள் அபூர்வம். நான் எறிந்த அந்தத் தட்டும் அந்த அபூர்வத்தில் ஒரு பங்கு.

சரி, வாட்டுக்கு வருவோம்.

இரத்தத்துக்குரியவர் மண்டூர்ப் பக்கம் வெள்ளாமை செய்கிற ஒரு ஐயா. ஊர், அடையாளம் எல்லாம் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆறு நாள் காய்ச்சல். முதலில் எலிக்காய்ச்சல் என்று நினைத்திருக்கிறார்கள். அதுவும் சேற்றுக்காரரின் வருத்தம்தானே. நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை. சீனி 400க்கு மேலே. வாட்டில் வழக்கம்போல செஃப்ட்ரையாக்சோன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிருமிக்கு அது போதாது. எங்கள் போன் போனதும் செஃப்டசிடிமுக்கு மாற்றினார்கள். தாய்லாந்தில் உபோன் ராச்சதானியில் செய்து 1989இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதுவரை கொடுத்துவந்த மருந்துக் கலவையோடு 100க்கு 74 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், செஃப்டசிடிம் கொடுத்ததும் 37. ஒரு மருந்தால் சரி பாதி. என் வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும் நாட்களில் நான் நினைப்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

ஆராய்ச்சிப் படிவம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். ஹவுஸ் ஒபிசர் குருணாகல் பிள்ளை. நல்ல பிள்ளை, தமிழும் கொஞ்சம் பேசுவா. ஆனால் படுவான்கரைத் தமிழ் வேறு கதை. "அக்கா, அவர் சொல்லும் மறுகா, கிறுகி எல்லாம் எனக்குப் பிடிபடல்ல" என்றா. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வாங்கைப் போட்டு இருந்தேன். காலடியில் அவருடைய மனைவி, கையில் மாப்பால் போத்தல்.

வயது?

"சூறாவளிக்குள்ள எனக்குப் பத்து வயசு, மகள். எங்கட கூரைத் தகரம் பறந்து போனத வேலிக்குள்ள இருந்து பாத்தனான்."

1978 நவம்பர். கழித்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அடையாள அட்டையை விட இது நம்பகமானது.

காலில் காயம் இருந்ததா?

"வட்டைக்குள்ள போறவன்ட காலில காயமில்லாத நாள் எது? நீங்களே சொல்லுங்க."

'ஆம்' என்று புள்ளடி போட்டேன்.

மது?

"விசேசத்துக்கு மட்டும்."

மனைவி போத்தலைக் கீழே வைத்தார். "கிழமைக்கு ஏழு விசேசம் வருமாகா?"

ஐயா கூரையைப் பார்த்தார். படிவத்தில் 'சில வேளை', 'அடிக்கடி' என்று இரண்டு கட்டம். இரண்டுக்கும் நடுவில் பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் மனைவியின் பக்கம் சாய்ந்தேன்.

சீனி வருத்தம் எத்தனை வருடம்?

"எட்டு வருசமா இரிக்கி. கிளினிக் கொப்பியும் இரிக்கி. குளிசை போட்டா வட்டைக்குள்ள தலை சுத்துது. மத்தியானம் வரைக்கும் சாப்பாடில்லாம நிக்கிற நாங்க. அதனால வெள்ளாமை நேரத்தில நிப்பாட்டிருவன். அறுத்து முடிஞ்சாப் போல மறுகா தொடங்குவன்."

இதைக் கேட்டு நான் பேனையை வைத்துவிட்டேன். மெலியோய்டோசிஸுக்கு மிகப் பெரிய ஆபத்துக் காரணி நீரிழிவு. சீனி உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 12 மடங்கு என்று சொல்வார்கள். உலகத்தில் எங்கே எண்ணிப் பார்த்தாலும் நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கிட்ட சீனி இருக்கும். இந்த ஐயா என்ன செய்கிறார் என்றால், மழையும் சேறும் காயமும் ஒன்றாய் வருகிற அதே மூன்று மாதத்துக்குச் சீனிக் குளிசையை நிறுத்திவிடுகிறார். சோம்பலில் அல்ல, தெரியாமலும் அல்ல. வரம்பில் மயங்கி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில். குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நின்றால் சீனி இறங்கத்தான் செய்யும், அவர் சொல்வது பொய்யில்லை. படிவத்தில் 'நீரிழிவு: ஆம்' என்று ஒரு கட்டம்தான். இதை எழுத இடம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் என் அம்மப்பாவும் 'ஓம்' என்றுதான் சொல்லியிருப்பார். சேறு, காயம், மழை, கிணற்றுத் தண்ணி, விசேசம் எல்லாம் உண்டு. அவர் 83 வயது வரைக்கும் இருந்து, தூக்கத்தில் போனார். நோய் வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் எங்கள் மாவட்டத்தில் எந்த நோய்க்கும் வெள்ளாமைதான் காரணம் என்று வரும், ஏனென்றால் பாதி ஊர் வட்டைக்குள்தான் நிற்கிறது. அதனால்தான் நோய் வராதவரையும் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். வடகிழக்குத் தாய்லாந்தில் அப்படி ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். வயது, ஆண் பெண், சீனி இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றிலும் ஒத்துப்போகிறவர்களைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டது. வயல் வேலையும் திறந்த காயமும் எதிர்பார்த்ததுதான். ஆனால் கொதிக்க வைக்காத தண்ணி குடிப்பதும், மழையில் நனைந்து நிற்பதும், புகைப்பதும் கூட அதில் வந்தன. சேற்றுக்குள் இறங்காதே என்று ஒரு விவசாயியிடம் சொல்ல முடியாது. தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடி, இடி மின்னலோடு பெய்யும்போது வாடிக்குள் வந்து நில் என்று சொல்லலாம். அந்த ஆய்வு எனக்குப் பிடித்தது அதனால்தான்.

ஐயா பதினாறு நாள் ஊசியில் இருந்தார். நாலாம் நாள் வரைக்கும் காய்ச்சல் இறங்கவில்லை. மனைவி என்னை எங்கே கண்டாலும் "கிருமி செத்திட்டா மகள்?" என்று கேட்பார். இந்த நோயில் காய்ச்சல் இறங்க ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும் என்று டொக்டர் சொன்னதை நான் அவருக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். எட்டாம் நாள் இறங்கியது. பிட்டும் மீன் சொதியும் கேட்டாராம்.

பிறகு தொடங்கியது குளிசை. அவரும் மெலிந்து 48 கிலோவுக்கு வந்திருந்தார். அதனால் எனக்கு வந்த அதே அளவு: காலை மூன்று, இரவு மூன்று. எனக்கு 21 நாள், அவருக்கு 12 கிழமை. 84 நாள், 504 குளிசை.

அப்போது என்னுடையது பாதி தாண்டியிருந்தது, அதனால் என்னால் அதைப் பற்றிப் பேச முடியும். பெரிய வெள்ளைக் குளிசை, சுண்ணாம்பு மாதிரி. மூன்றாவதை விழுங்கும்போது தொண்டை வேண்டாம் என்று சொல்லும். ஒரு மணித்தியாலத்தில் வயிற்றைப் பிரட்டும். சோற்றைக் கண்டால் வெறுப்பு. பத்தாம் நாள் முதுகில் அரிப்பு வந்து, தோல் கழன்றுவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வியர்க்குரு. இத்தனைக்கும் எனக்கு வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, வேலையிடத்தில் டொக்டர் இருக்கிறார், இந்தக் குளிசை எதற்கு என்று எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். பதினேழாம் நாள் ஆரையம்பதியில் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. ஆட்டிறைச்சிக் கறி. இரவு வீட்டுக்கு வந்து மூன்று குளிசையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். உறைக்குள் திருப்பிப் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை கழிவு வாளியில் போட்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

மெலியோய்டோசிஸ் ஒருமுறை அடங்கிவிட்டு மறுபடி எழும்பும். அப்படி எழும்புவதைத் தீர்மானிப்பது எது என்று பார்த்த ஆய்வுகள் எல்லாம் வந்து நிற்கும் இடம் இந்தக் குளிசைதான்: எது, எத்தனை நாள், ஒழுங்காக எடுத்தாரா. எட்டுக் கிழமையில் நிறுத்தியவருக்கும் பன்னிரண்டு கிழமை முடித்தவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம். மறுபடி வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு அது பழைய கிருமி எழும்பியதும் இல்லை, புதிதாக மண்ணிலிருந்து தொற்றியது. அதே வட்டைக்குத்தானே போகிறார்கள்.

கட்டுரைகளின் அட்டவணையில் இது ஒரு வரி: 'சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றாமை.' சீனி ஒரு வரி, விவசாயம் ஒரு வரி, மது ஒரு வரி, பின்பற்றாமை ஒரு வரி. வாசிக்கிறவருக்கு எல்லாமே நோயாளி செய்த குற்றம் மாதிரி இருக்கும்.

பின்பற்றுவது என்றால் என்ன என்று ஐயாவின் மனைவியிடம் கேட்டேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை கிளினிக். காலை நாலரைக்கு எழும்ப வேண்டும். மண்டூர்த் துறையில் பாதை ஏறி (வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பேர்), குருமண்வெளியில் இறங்க வேண்டும். காற்றுக் கடுமையென்றால் பாதை ஓடாது, வெல்லாவெளியால் சுற்ற வேண்டும். பிறகு களுவாஞ்சிகுடியால் வருகிற பஸ். இரத்தம் கொடுத்து, பொட்டாசியமும் சிறுநீரகமும் சரியா என்று பார்த்து, குளிசை வாங்கி, திரும்பிப் போய்ச் சேரப் பின்னேரம் நாலு மணி. துணைக்கு ஆள் வந்தால் இரண்டு பேரின் ஒரு நாள் கூலி. மாசி மாதம் வெள்ளாமை வெட்டு. வெட்டு மெஷின் வருகிற நாள் கிளினிக் நாளாக இருந்தால் எதைப் பிடிப்பது? மெஷினைத் தவறவிட்டால் அடுத்த முறை எப்போது வருமோ, அதற்குள் ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்து போகும்.

வடக்கு அவுஸ்திரேலியாவின் டார்வினில் 1989 ஒக்டோபரிலிருந்து ஒரு நோயாளி விடாமல் எழுதி வருகிறார்கள். முப்பது வருடத்தில் 1148 பேர். இறந்தவர்கள் 133 பேர். முதல் ஐந்து வருடத்தில் பத்துக்கு மூன்று பேர் போய்க்கொண்டிருந்தது, கடைசி ஐந்து வருடத்தில் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. அங்கே சீனி குறையவில்லை, குடி குறையவில்லை, மழையும் குறையவில்லை. மாறியது ஆஸ்பத்திரி: சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரம் சரியான ஊசியைப் போட்டார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு நன்றாயிற்று. உலகம் முழுக்கவும் என்று கணக்குப் போட்டவர்கள் வருடத்துக்கு 165,000 பேருக்கு வருவதாகவும், அதில் 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரே கிருமி. டார்வினில் ஒரு முடிவு, மற்ற இடங்களில் வேறொரு முடிவு. அப்படியென்றால் அட்டவணையில் இன்னும் சில வரி இருக்க வேண்டும். 'லாப்பில் கலப்படம் என்று எழுதியமை' என்று ஒரு வரி. 'பாதை ஓடாத நாள்' என்று ஒரு வரி. என் பெயரை நானே எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. கல்ச்சர் ஒழுங்காகச் செய்தாலே பத்தில் நாலு பேரிடம் கிருமி பிடிபடாமல் தப்பிவிடும். பிடிபட்டதையும் நாங்களே எறிந்தால் என்ன மிஞ்சும்?

இன்னொரு சந்தேகமும் உண்டு எனக்கு. ஒழுங்காக எடுத்தாரா இல்லையா என்பது இந்த ஆய்வுகளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றில் வெறும் அட்டைகளை எண்ணுவார்கள். இல்லாவிட்டால் நோயாளியிடம் கேட்பார்கள்.

தை பிறந்து, மாசி போய், பங்குனி வந்தது. நான் லாப்பில் வேறு வேலைகளுக்குள் மூழ்கியிருந்தேன். டெங்கு மாதிரிகள் மலை போலக் குவிந்த நேரம். ஒரு வியாழக்கிழமை கிளினிக் பக்கம் போனபோது வாங்கில் ஐயா இருந்தார். கன்னம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது, சேட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. மடியில் ஒரு சொப்பிங் பேக். என்னைக் கண்டதும் அதைத் திறந்து காட்டினார். எல்லாம் வெறும் குளிசை அட்டை, இரும்புக் கம்பியால் கட்டுக்கட்டாகக் கட்டி வைத்திருந்தார், நெல்லுக்கட்டு மாதிரி. மனைவி நாளுக்கு ஒரு முடிச்சு என்று எண்ணினாராம். வெட்டு நாளும் கிளினிக் நாளும் ஒருமுறை மோதியது உண்மைதான். அன்றைக்கு மகனைக் கொப்பியோடு அனுப்பிக் குளிசை எடுத்திருக்கிறார்கள். சீனிக் குளிசையை என்ன செய்தீர்கள் என்றேன். டொக்டர் அளவை மாற்றித் தந்ததாகவும், பத்து மணிக்கு வரம்பில் வைத்து ரெண்டு ரொட்டி தின்பதாகவும் சொன்னார். நான் வாங்கிக் கொடுத்த கம்பூட்ஸைப் பற்றியும் கேட்டேன்.

"அது சேத்துக்குள்ள இழுத்துப் பிடிக்குது மகள். ஒரு கால் வந்தா மத்தக் கால் வருகுதில்ல. வாய்க்கால் கரைக்குப் போடுறன்."

சரி, கரைக்காவது போடுகிறாரே.

பக்கத்தில் இருந்தேன். பேக்கை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். வாட்டில் இருந்த நாட்களில், எனக்கும் உங்கள் குளிசைதான் தந்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். அதை அவர் மறக்கவில்லை.

"உங்கட இருபத்தொரு நாளும் முடிஞ்சுதா மகள்? ஒண்டும் விடாமப் போட்டீங்களா?"

"ஓம் ஐயா" என்றேன். "ஒண்டும் விடல்ல."